கேட் போட்டிருக்கிறது

நீடாமங்கலம் கேட்டில்
மூன்று முறை மானம் போனது.

நாற்பது நிமிடம் நிற்கிற இடத்தில்
வண்டியை அணைக்காமல் எவன் நிற்பான்?
அணைத்தேன்.
மன்னார்குடி பாசஞ்சர் போய்
நெல் வேகன் போய்
எதையும் இழுக்காத தனி என்ஜின் ஒன்று
சும்மா போய்ச் சும்மா திரும்பி
கேட்டைத் தூக்கியபோது
எழுபத்தொன்றாம் வருடத்து புல்லட்
உதைக்கு உதை இருமிவிட்டு
உட்கார்ந்துகொண்டது.
பின்னால் திருவாரூர் பஸ்.
அந்த ஓட்டுநர் சொன்ன வார்த்தை
இந்தக் காகிதத்துக்கு ஆகாது.

அம்மீட்டர் முள் முன்பே சொன்னதுதான்.
ஹெட்லைட் போட்டால் இடது பக்கம் சாயும்.
வருவதைவிடப் போவது கூட.
கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர் நான்.
அந்தச் சாய்வை
எத்தனை பேர் கணக்கில் பார்த்திருக்கிறேன்,
என் வண்டியில் பார்க்கத்தான் ஒரு வருடம் ஆனது.

டேங்கை இறக்கி விளக்குக் கூட்டைத் திறந்தால்
உள்ளே முழுக்கச் சிவப்பு.
எவனோ
கையில் கிடைத்த ஒரே சுருளில்
இக்னிஷனுக்கும் சார்ஜுக்கும் ஹார்னுக்கும்
இழுத்துவிட்டுப் போயிருக்கிறான்.
ஒட்டுகளில் டேப் இல்லை,
ஆஸ்பத்திரி பிளாஸ்திரி.
கஜா அடித்த வருடம்
வேதாரண்யத்தில் இடுப்பளவு நீரில் நின்றதாம்,
விற்றவன் அதை விற்ற பிறகுதான் சொன்னான்.
உறையை உரித்தேன்.
செம்பு பச்சைப் பொடியாக
மடியில் கொட்டியது.

ஹமீது சுல்தான் கடையில்
ஏழு நிறத்தில் ஒயர், மீட்டர் கணக்கில்.
ஆறு வோல்ட்டுக்கு விடை.
பன்னிரண்டுக்கு ஸ்டேட்டர், ரெக்டிஃபயர், பேட்டரி.
"வோல்ட்டு ரெண்டு மடங்குன்னா
பெட்ரோலும் ரெண்டு மடங்கா?"
என்றாள் தையல்நாயகி.
கேட்டுவிட்டு
டார்ச்சை அவளே வாங்கிக்கொண்டாள்.
ஒவ்வொரு முனைக்கும் சீட்டு எழுதி
நூலால் கட்டினாள்.
காயிலுக்குப் போவது என்றேன்,
கோயிலுக்குப் போவது என்று எழுதினாள்.
திருத்தவில்லை.
போய்விட்டு வரட்டும்.

பாயிண்ட்டைத் தேய்த்தேன்.
சொசைட்டி பாஸ்புக் அட்டையைச் செருகி
இடைவெளி வைத்தேன்.
கண்டன்சர் புதிது, பிளக் புதிது.
பிளக்கை ஹெட்டின் மேல் கிடத்தி உதைத்தால்
இருட்டு.
மறுநாளும் இருட்டு.
மூன்றாம் நாள் ராத்திரி
டெஸ்ட் பல்பின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு
மறு காலை அவள் சேஸியில் வைத்தாள்,
எரியவில்லை.
பேட்டரியின் மைனஸில் வைத்தாள்,
எரிந்தது.
"ஒயரெல்லாம் சரி.
ஒடம்புதான் வாங்க மாட்டேங்குது."

பெயிண்டர் ஆரோக்கியதாஸ்
மூன்று கோட் அடித்திருந்தார்,
முகம் பார்க்கலாம் அந்தக் கறுப்பில்.
அதற்கு மேல்தான் எர்த்தை முடுக்கியிருந்தேன்.
இரும்புக்கும் கம்பிக்கும் நடுவே
எண்ணாயிரம் ரூபாய் அழகு.

சீட்டுக்கு அடியில்
யார் கண்ணும் படாத இடத்தில்
ஒரு ரூபாய் அகலத்துக்கு அரத்தால் சுரண்டினேன்.
ஆரோக்கியதாஸ் பார்த்தால்
ஒரு வாரம் பேச மாட்டார்.
வெள்ளையாக வந்தது இரும்பு.
வாஸ்லைன் தடவி முடுக்கி
உதைத்தேன்.

நீலம்.
சட்டென்ற சின்னச் சத்தம்.
அவள் டார்ச்சை அணைத்துவிட்டு
"இன்னொரு தடவ" என்றாள்.

சனிக்கிழமை கேட்டுக்குப் போனேன்.
திறந்திருந்தது.
பதினேழு வருடமாக இந்த வழியில் போகிறேன்,
கேட் திறந்திருந்ததற்கு
நான் வருத்தப்பட்டது அன்றுதான்.
டீக்கடையில் இரண்டு டீ ஆகிற வரை காத்திருந்து
மூடியதும்
ஓடிப்போய் வரிசையில் நின்று
அணைத்தேன்.

பாசஞ்சர். வேகன்.
அந்தத் தனி என்ஜின்.
கேட் ஏறியது.
ஒரே உதை.
முள் வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து
நடுவுக்கு வந்து நின்றது.
பின்னால் பஸ்காரன் அப்படியும் ஹார்ன் அடித்தான்.

வெண்ணாற்றுப் பாலத்தில்
பக்கத்தில் வந்த டிவிஎஸ்காரர் கத்தினார்:
"பிரேக் லைட் எரியல சார்!"

சட்டைப் பையில் கைவிட்டேன்.
நூலோடு ஒரு சீட்டு மிஞ்சியிருந்தது,
அவள் கையெழுத்தில்:
இது எதுக்குன்னு நீங்க சொல்லல.