விவரம் தருக

ஈசூன், இரவு பதினொன்றேகால்.
சாப்பாட்டு மேசையில் ஏழு கடவுச்சீட்டு நகல்கள்,
கயல்மதி கல்யாணப் பத்திரிகையின் மிச்சக் கட்டு,
ஆறிப்போன மைலோ.
இந்த வீட்டில் படிவம் என்றால் என் வேலை,
வங்கிக் கடிதம் முதல் கொசு அபராதம் வரை.

சிரிக்கக் கூடாது, காது தெரியணும்,
பின்னால் வெள்ளைச் சுவர் என்று
மூன்று முறை சொல்லியும்
பேராவூரணி ஸ்டூடியோக்காரர்
தையல்நாயகி அத்தையை வெளுப்பாக்கி அனுப்பிவிட்டார்.
சுவரும் முகமும் ஒன்றாகிக்
குங்குமம் மட்டும் விசாவுக்குக் காத்திருந்தது.
குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்
சித்தப்பாவுக்கு என்ன போடுவது?
அவருக்கு இருப்பது ஓர் எழுத்து, ஒரு புள்ளி.

ஆறு பேர் முடிந்தது.
ஏழாவது சிங்காரவடிவேல் மாமா.
மணவறையில் முதல் மாலை அவருடையது.
கேள்விகள் வரிசையாக இறங்கின.
எந்த நாட்டிலிருந்தாவது வெளியேற்றப்பட்டது உண்டா?
மற்றவர்களுக்கு யோசிக்காமல் 'இல்லை' தட்டிய விரல்
இதற்கும் போனது.
போனில் மாமா "இரு" என்றார்.

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம்.
"அதுல பிரம்பு பத்திக் கேட்டிருக்கானா?"
"இல்ல மாமா. உண்டா இல்லையா, அவ்வளவுதான்."
"கேக்கலையா."
குரலில் கொஞ்சம் ஏமாற்றம் போலவும் இருந்தது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா
குழாயை இன்னும் திருகினாள்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிரிப்புக் கதை உண்டு.
தொண்ணூற்றெட்டில் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய மாமா
ஒரு மாதம் நின்றபடியே சாப்பிட்டார்,
பந்தியில் உட்காராமல், தட்டைக் கையில் ஏந்தி.
"பஃபே பழகிட்டாரு தொரை" என்று ஊர் சிரித்ததைச்
சித்தப்பா நடித்துக் காட்டுவார்.
எத்தனை தீபாவளிக்கு நானும் சிரித்திருக்கிறேன்.
அந்த இடம் வரும்போது
அம்மாவுக்கு மட்டும் அடுப்பில் ஏதாவது இருக்கும்.

"இல்லைன்னே போட்டுடவா?"
"என் ரேகை அவங்ககிட்ட இருக்கு கண்ணு.
கீழ கையெழுத்து உன்னோடது."

குழாய் நின்றது.
"பெர்மிட் முடிஞ்சு நாலு மாசம் கழிச்சு
ஒரு ராத்திரி இந்தக் கதவைத் தட்டினான்"
என்றாள் அம்மா.
"திறக்கல."
யார் என்று சொல்லவில்லை.
ஈரக் கையைத் துடைக்கவும் இல்லை.

'உண்டு' தட்டினேன்.
புதிதாக ஒரு பெட்டி திறந்தது. விவரம் தருக.
ஆண்டு போட்டேன். அதிகம் தங்கிய நாள்கள் போட்டேன்.
இன்னும் எத்தனை எழுத்து மிச்சம் என்று
மூலையில் ஓர் எண் காட்டியது. நிறையவே இருந்தது.
பெட்டியை அப்படியே விட்டு அனுப்பினேன்.

ஆறு பேருக்குக் கிடைத்தது.
ஏழாவதற்கு ஒரு வரி,
காரணமில்லாமல், மிக மரியாதையாக.

மாமா அதைப் பற்றிப் பேசவே இல்லை.
கிளம்புகிறவர்களைக் கூட்டி உட்காரவைத்து
வகுப்பெடுத்தாராம்.
சூயிங்கம் கூடாது. ரயிலில் தண்ணிகூடக் குடிக்காதே.
பச்சை மனிதன் வந்தால்தான் ரோட்டைத் தாண்டு.
ஊரில் சிங்கப்பூர் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மாலைக்குப் பணம் கொடுத்தனுப்பியிருந்தார்.
சொல்லிவைக்கத் தேக்காவுக்கு அழைத்துப்போனேன்.
ரயில் நிலையத்தில், நகரும் படிக்கட்டில்
ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராய் ஒதுங்கினார்கள்.
"இடப்பக்கம் நிக்கணும்,
வலப்பக்கத்தை அவசரக்காரங்களுக்கு விடணும்னு
வடிவேலு சொல்லியிருக்கான்"
என்றாள் அத்தை, கைப்பிடியை இறுகப் பற்றி.

வலப்பக்கம் யாருமில்லை.
அதுவும் எங்களோடு ஏறிவந்தது.