செக்கிங் மேசையில் ஜப்பான்

முதலில் துணியை எடுத்துவிடுங்கள்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன ஊசிக்கோடு
பார்ப்பதற்கென்று அடியில் ட்யூப்லைட் போட்ட
இந்தக் கண்ணாடி மேசைமேல்
அக்ரிலிக் ஷீட்டை வைத்து
ஜப்பானை விரியுங்கள்.
மெல்லிய துணியில் அச்சடித்த நாடு.
கீழிருந்து வெளிச்சம் வர
கடல் மட்டும் எரியும்,
தீவுகள் கறுத்துக் கிடக்கும்.

ஒசாகாவிலிருந்து திருப்பூர் வந்த பையர்
பனியன் ஆர்டர் தரவில்லை, இதைத் தந்தார்.
விதிப்புத்தகம் அவர்கள் எழுத்தில்.
படம் பார்த்துப் பாதி புரிந்துகொண்டோம்.
மீதியை நாச்சிமுத்து
சத்தம் போட்டு ஜெயித்தார்.

உங்கள் நிறம் ஊதா.
தேவசகாயத்தின் நிறம் அது. டையிங் மாஸ்டர்,
எத்தியோப்பியா போய் ஏழு மாதம் ஆகிறது.
பரவாயில்லை, உட்காருங்க.

பெரிய பொம்மை தைம்யோ,
நம்ம பக்கத்துப் பட்டக்காரர் மாதிரி.
குதிரைமேல் இருப்பவன் படைத்தலைவன்.
ஈட்டிக்காரர் எட்டுப் பேர். ஒருவன் தொலைந்துபோனான்;
அந்த நாலு கண் சட்டைப் பொத்தான்தான் இப்போது அவன்.
இளக்காரமாக நினைக்க வேண்டாம்,
போன மாதம் ஒரு கோட்டையைப் பிடித்த பொத்தான்.

அறுவடையில் வயலுக்கு ஒரு மூட்டை.
அரிசிதான் காசு.
படைக்குச் சோறு, கோட்டைக்குக் கல்,
பக்கத்து நாட்டான் வாயை அடைக்கவும் அரிசி.
பனி விழுமுன் நாலு மூட்டை ஒதுக்குங்கள்.
ஒதுக்காதவர் படை தானாகக் கரையும்,
நூல் விலை ஏறிய வருஷம்
இந்தத் தெருவில் ஷட்டர்கள் இறங்கினதுபோல,
ஒன்று, அப்புறம் ஒன்று,
சண்டையே இல்லாமல்.

பிறகு திரை.
இந்த அட்டையை நிறுத்தி, பின்னால்
உத்தரவுச் சீட்டுகளை வையுங்கள்:
நட, காவல் நில், வரி எடு, தீ வை.
திரைக்கு வெளியே என்ன வேண்டுமானாலும் பேசலாம்.
"உங்க பக்கமே வர மாட்டனுங்" என்று
குப்புராஜ் குலதெய்வத்தின்மேல் ஆணையிடுவார்.
குலதெய்வத்தை இழுக்காத வாரத்தில் மட்டும் நம்புங்கள்.
ஜெகதா பேசவே மாட்டார். கணக்குப் பிரிவு.
உங்கள் மூட்டைகளை
உங்களைவிடச் சரியாக எண்ணி வைத்திருப்பார்.

மூன்று எண்ணி எல்லோரும் ஒன்றாகத் திரையை எடுக்கணும்.
அந்த நொடியில்
ஜப்பானைப் பாருங்கள், யார் முகத்தையும் பார்க்காதீர்கள்.
பார்த்தால்
திங்கட்கிழமை வேலை ஓடாது.

இன்னொன்று, ரோனின்.
தலைவன் செத்தால் ஆட்கள் சாவதில்லை.
யாருடையவரும் அல்லாமல் ஓரத்தில் நிற்பார்கள்.
அதிக மூட்டை வைப்பவருக்கு, ஒரு பருவம் மட்டும்.
இந்த விதியை எங்களுக்குச் சொன்னது பிகாஷ்.
படம்கூடப் பார்க்கவில்லை.
ஒடிசாவிலிருந்து வந்து பதினோரு வருஷம், ஆறு கம்பெனி.
"பீஸ் ரேட்" என்றான், அவ்வளவுதான்.
ரோனின் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை.
ஆனால் பருவம் முடிந்து அனுப்பும்போது
ஒரு மூட்டை கூடுதலாக வைத்தே அனுப்புவான்.
விதியில் இல்லாதது. சொல்லியும் பார்த்தோம்.

ஆட்டம் ஒரு நாளில் முடியாது.
ஆறு மணிக்கு ஷீட்டோடு அப்படியே தூக்கி
கோன் பெட்டிகள்மேல் வைப்போம்.
வாரம் முழுக்கக் கீழே பன்னிரண்டு நிட்டிங் மெஷின் ஓடும்.
ஒரு ஞாயிறு எடுத்துப் பார்த்தால்
குப்புராஜின் குதிரைக்காரன் கடலைத் தாண்டி
ஜெகதாவின் ஊரில் நிற்கிறான்.
படையெடுப்பா, மெஷின் அதிர்வா?
ஐந்து டீ ஆறிப்போயிற்று.
கடைசியில், அந்த ஊரில் சகஜம்தானே என்று
'நிலநடுக்கம்' என நோட்டில் எழுதினோம்.
ஜெகதா மட்டும் பக்கத்தில் தேதி போட்டார்.
இதுவரை நாலு நிலநடுக்கம்.
நாலிலும் நகர்ந்தது
குப்புராஜின் குதிரைதான்.

சரி, இருங்க.
ஓரத்தில் நிற்கும் ஊதா ஆட்களை எடுத்துத் தருகிறேன்.
ஏழு மாதமாக
ஒருத்தரும் இவர்களை விலைக்குக் கேட்கவில்லை.
கேட்கக் கூடாதென்று யாரும் சொல்லவுமில்லை.

இந்தாங்க.
பொத்தானையும் சேர்த்து எண்ணிக்குங்க.