இடைவெளி விட்டுப் பேசவும்

காலை ஆறரை. புளியரைச் சோதனைச்சாவடியில்
வைக்கோல் லாரிகள் தலை சாய்த்து நிற்கின்றன.
பெட்ரோல் பங்க் கணக்கை
ஏழரைக்குத்தான் திறக்க வேண்டும்.
அதுவரை நான் பேச்சித்தாய் இல்லை,
அழைப்புக்குறியின் கடைசி எழுத்து: யாங்கி.

தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னைக்கும் நடுவே
இருபது மீட்டர் செம்புக்கம்பி.
சாரல் பிடித்தால் ஒருபக்கம் தொய்யும்,
காக்கைக்கு ஊஞ்சல்.
அதில்தான் தினமும் மலையைத் தாண்டுகிறேன்,
சீட்டு இல்லாமல், சோதனை இல்லாமல்.
அணையைப் பற்றிப் பேசுவதில்லை என்று
அலைவரிசையில் ஓர் ஒப்பந்தம் உண்டு.
மிச்சம் எல்லாவற்றுக்கும் சண்டை போடலாம்.

இன்றைக்குத் தொடங்கியவர் கடையநல்லூர் மைதீன் பிச்சை.
"கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கிடுது.
இவன் டீ குடிக்கப் போயிருக்கான்.
திரும்பி வந்து பாத்தா
பிரேசிலோட பேசி முடிச்சாச்சாம்.
யாருவே பேசினது?"

புனலூர் குரியாக்கோஸுக்குப் பொறுக்கவில்லை.
"என்டெ வலத்தே காது போயி, பிச்சை.
இடதும் போய்க்கொண்டிருக்கு.
ஸ்கிரீனில் வரும் எழுத்துதான்
எனக்குக் கிட்டின புதுக் காது.
அதைக் குற்றம் பறயண்டா."

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

அந்த இரைச்சலைத்தான் பிடித்துக்கொண்டார்
செங்கோட்டை சைலப்பன்.
எதிரி மனுஷன் இல்லையாம், எல்இடி பல்பாம்.
பக்கத்து வீட்டு சோலார் இன்வெர்ட்டர்
வெயில் ஏற ஏற இவர் மீட்டரையும் ஏற்றுகிறதாம்.
பத்து மணிக்கு மேல் செவிடன்,
ராத்திரிதான் மனுஷன் என்றார்.

தென்காசி சங்கரநயினாருக்கு சைனா செட்டு மேல் கோபம்.
"ரெண்டாயிரம் ரூவாய்க்குக் கையில வாங்கி
பரீட்சை எழுதாமலே அமுக்குறான்."
அதே செட்டு அவரிடம் மூன்று இருப்பது
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் மலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும்
ஒத்துப்போன விஷயம் ஒன்று:
புதுசாக யாருமே வருவதில்லை.
அதைச் சொன்னார்கள்,
ஒருவர் வாலை மற்றவர் மிதித்துக்கொண்டு,
நாற்பது நிமிடம்.

நடுவில் எனக்குக் கேட்டது.
ஒருவர் விட்டு அடுத்தவர் பிடிப்பதற்குள்
விரல் நுழையாத ஒரு சந்து. அதில்
"பிரே—"
மூழ்கிப்போனது.
மறுபடி, சைலப்பனுக்குப் பிறகு, "பிரே—"
நனைந்த தீக்குச்சி உரசும் அளவு.
பெட்ரோல் சீட்டின் பின்பக்கம் கோடு போட்டேன்.
நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே.

என் முறையும் வந்தது.
"யாரோ கூப்பிடுறாங்க, பொறுங்க" என்றிருக்கலாம்.
நான் பேசியது,
இந்தப் பக்கம் பெண்கள் ஏன் வருவதில்லை என்று.
இரண்டு நிமிடம். நன்றாகவே பேசினேன்.
குரியாக்கோஸ் பாராட்டினார்.

எழுபத்து மூன்று, எழுபத்து மூன்று என்று
ஒவ்வொருவராய் விடைபெற்றார்கள். ஏழு இருபது.
"பிரேக் சொன்ன ஸ்டேஷன், இருக்கீங்களா?"
சாவடியில் ஒரு லாரி உறுமிக் கிளம்பியது.
அது கோட்டைவாசல் வளைவேறும் வரை காத்திருந்தேன்.

"கழுதுருட்டி. லீலாமணி.
எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ்.
லைசென்ஸ் வந்து ஒன்பது நாளாயி.
அஞ்சு வாட்."

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.
மன்னிப்பை எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை.
"நீங்க சொல்ல வந்தது என்ன?"

"ஒண்ணுமில்ல சேச்சி. உங்க குரல்ல ஒரு மூளல்.
கரண்டோட மூளல். பவர் சப்ளையில
கப்பாசிட்டர் போயிருக்கும். அதைப் பறயத்தான்."

"நாற்பது நிமிஷமாகவா?"
"நாற்பது நிமிஷம்."

ஒயரைப் பிடுங்கி லாரி பேட்டரிக்கு மாற்றினேன்.
"இப்ப?"
"இப்ப நீங்க மட்டும்தான்."

பங்க்குக்குப் போக ஏழு நாற்பதாகிவிட்டது,
முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.
போகுமுன் லாக் புத்தகத்தில் எழுதியிருந்தேன்:
நான் அவளுக்குக் கொடுத்தது, மூன்று ஒன்று.
அவள் எனக்கு, ஐந்து ஒன்பது.
மூளலைத் தனியாகக் குறித்துக்கொள்ளச் சொன்னாள்.