முதல் நாற்பத்தேழு செக்கன்

மேலயிருந்து தொடங்குது.
குளக்கட்டு ஒரு தழும்பு மாதிரித் தெரியவேணும் எண்டுதான்
ட்ரோனை அவ்வளவு உயரத்தில விட்டவங்கள்.
நடந்து பாத்தால் வெறும் கட்டு.
மாட்டுச் சாணம். ஒரு பக்கம் தண்ணி.

பிறகு குருவிச் சத்தம்.
இந்தக் குருவி முத்தையன்கட்டில இல்லை,
எங்கையோ வாங்கி ஒட்டினது.
எங்கட செண்பகம் கத்தினது காணாதாக்கும்.

பதினெட்டாவது செக்கனில நான் வாறன்,
சைக்கிளை உருட்டிக்கொண்டு, முதுகு மட்டும்.
மூண்டு தரம் உருட்டச் சொன்னவங்கள்.
முதல் தரம் சிரிச்சிட்டன்.
ரெண்டாந்தரம் வேகம் கூடிப்போச்சு.
மூண்டாந்தரம் களைச்சுப் போனன்:
அதைத்தான் வச்சிருக்கினம்,
களைப்புக்கு அடியில வயலின்.

'அந்திப் பொழுது' எண்டு ஒரு ஆம்பிளைக் குரல்.
காலமை ஆறேகால் அது.
'அவள் இன்னமும் தேடிப் போகிறாள்.'
போனன்தான்.
கரியரில மகளின்ர யூனிபோம் துணி,
தையல்கார யோகமலர் கலியாண வீட்டுக்கு
வெளிக்கிட முந்திப் பிடிக்கவேணும்.

தேடுறதும் பொய்யில்லை.
அது வேற நாள், வேற பை.
அந்தப் பைக்குள்ள ஒரு படம் இருக்கு,
பின்பக்கம் திகதி எழுதினது.
மூண்டு தரம் உருட்டச் சொன்ன ஆக்கள்
ஒருதரம் அதைக் கேட்டிருக்கலாம்.

கடைசியில மூண்டு செக்கன் முழு இருட்டு.
தலைப்பு வரமுந்திப் பாக்கிற சனம்
மூச்சைப் பிடிக்கவேணுமாம்.

'கரண்ட் போட்டுது!'
கத்துறான் பக்கத்து வீட்டுக் கீர்த்திகன்.
நான் அதுக்கிடையில எழும்பிட்டன்,
கையால சுவரைத் தடவித் தடவி,
நெருப்புப் பெட்டி தேடி.