வந்த காரணம்

பெரியமேட்டில் தோல் மண்டிகளுக்குப் பின்னால்
இருபத்திரண்டு அறைகள், ஒரு லிஃப்ட்,
அதுவும் பாதி நாள் ஓடாது.
பதினாறு வருடமாக இரவு ஷிஃப்ட் எனக்கு.
ஆதார் நகல், முன்பணம்,
ரிஜிஸ்டரில் ஏழு கட்டம்.
ஏழாவது கட்டம்: வந்த காரணம்.
கருமாதிக்கு வந்தவரும் கல்யாணச் சேலைக்கு வந்தவரும்
யாரிடமும் சொல்லாமல் வந்த ஜோடியும்
எழுதுவது ஒன்றைத்தான்.
'சொந்த வேலை.'

பத்தரைக்கு அன்றைய பட்டியல் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.
முன்பு சைக்கிளில் கொண்டுபோவேன்.
இப்போது வாட்ஸாப்.
ஏட்டு தணிகைமலை ஒரு கட்டைவிரல் அனுப்புவார்,
சில நாள் அதுவும் இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம்
ஏதோ ஒரு சந்தையில் குண்டு வெடித்த வாரம்
வரவேற்பறை டிவியில் அதே செருப்புக் குவியலை
நாள் முழுக்கக் காட்டினார்கள்.
ஏட்டு நேரிலேயே வந்தார்.
"சந்தேகமா யாரைப் பார்த்தாலும் ஒரு போன் போடு, தேவநேசா."
சந்தேகம் எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை.
தெரியும் என்றே நினைத்தேன்.

ஒன்பதாம் அறையில் மட்டக்களப்புக்காரர், இராசநாயகம்.
இரவு ஒரு மணிக்கு மொட்டைமாடியில்
தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்து
போனில் தணிந்த குரலில் பேசுவார்.
தமிழ்தான். பாதி எனக்குப் பிடிபடாது.
ஒரு பையைக் கக்கத்திலிருந்து இறக்கவே மாட்டார்.
போன் போட்டேன்.

அதே வாரம் பதினான்காம் அறைக்கு ஒரு பையன்.
இருபத்துமூன்று இருக்கும்.
பதினோரு நாளுக்கும் முன்பணம், சில்லறை சரியாக.
படியேறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வான்,
மற்றவர்கள் தூங்குகிறார்களாம்.
மாடிப்படிக்குக் கீழே குட்டி போட்டிருந்த பூனைக்குப்
பால் பாக்கெட்டின் மூலையைக் கடித்து ஊற்றுவான்.
என் மகள் பிளஸ் டூ என்றதும்
"கணக்கை மட்டும் விட்டுடச் சொல்லாதீங்க" என்றான்.
வீட்டில் சொல்லியிருக்கிறேன்,
இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளை என்று.

இராசநாயகத்தை இரண்டு ராத்திரி வைத்திருந்தார்கள்.
பையில் மனைவியின் மூளை ஸ்கேன் படங்கள்,
ஆஸ்பத்திரி ரசீதுகள்,
காய்ந்துபோன ஒரு எலுமிச்சம்பழம்.
பேசியது கனடாவில் இருக்கும் மகனோடு.
அங்கே அப்போது பகல்.

திரும்பி வந்து கணக்கு முடித்தார்.
அந்த இரண்டு ராத்திரி வாடகையையும் எண்ணி வைத்தார்.
வேண்டாம் என்றேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.
"எங்கட ஊரில மூண்டு பேர் மூண்டு லிஸ்ட் வச்சிருந்தவை, தம்பி.
மூண்டிலயும் என்ர பேர் இருந்தது.
நீர் போலீசுக்கு மட்டும்தானே குடுத்தனீர்."
சிரித்தாரா என்று இப்போதும் சொல்ல முடியாது.

நாற்பது நாள் கழித்து ஒரு படத்தோடு வந்தார்கள்.
தணிகைமலை இல்லை, வேறு ஆட்கள், இஸ்திரி கலையாத சட்டைகள்.
வேறு மாநிலம், ஒரு பேருந்து நிலையம்,
வெடித்தது ஒன்று, வெடிக்காதது மூன்று.
ஆதாரில் இருந்த பெயர் அவனுடையதல்ல.
அமைப்பின் பெயரையும் சொன்னார்கள்,
விடியலோ நீதியோ ஏதோ ஒன்று அதில் இருந்தது.
"வித்தியாசமா ஏதாவது கவனிச்சீங்களா?"
பூனையைச் சொன்னேன்.
எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார்.

ரிஜிஸ்டரை எடுத்துப்போனார்கள், சாட்சியமாக.
புதிதில் ஒன்றாம் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.
மேசைக்கு மேல் இப்போது கேமரா.
சென்ட்ரலில் இரவு வண்டிகள் வந்து நின்றதும்
தூக்கமும் மூட்டையுமாக ஏறி வருகிறார்கள்,
ஒவ்வொரு முகமாக நிமிர்ந்து பார்க்கிறேன்.
நல்ல முகம் என்றால் பயமாக இருக்கிறது.
இல்லையென்றால் வெட்கமாக இருக்கிறது.

பால் நேரத்துக்கு அந்தப் பூனை
பதினான்காம் அறை வாசலில் வந்து உட்காருகிறது.
துரத்தவில்லை. ஊற்றவும் இல்லை.

"சார், பேனா," என்கிறார் யாரோ.
ஆறு கட்டம் நிரப்பிவிட்டு, ஏழில் நின்று,
இதில் என்ன எழுதுவது என்கிறார்.
சொந்த வேலைன்னு போடுங்க,
என்கிறேன்.