படகுச் சத்தம்

பொகோத்தாவில் காலை ஏழரைக்கு
மூடுபனி சதுக்கத்துப் புறாக்களை இன்னும் விடவில்லை.
ஒருமுறை எரிந்து, மறுபடி கட்டிய மாளிகை.
பக்கவாட்டு வாசலில் அட்டையைக் காட்டி நுழைகிறேன்.
சட்டம் படித்து முடித்தவள், சம்பளமில்லாதவள்,
நாளொன்றுக்கு முப்பது கோப்பு.

இங்கே யாரும் எழுதலாம்.
வக்கீல் வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம்,
மாண்புமிகு என்று தொடங்கக்கூட வேண்டாம்.
உள்ளூர் நீதிபதி பத்து நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.
சொன்னது சரியோ தவறோ
எல்லாக் கோப்பும் ஒருநாள்
இந்த மலைநகரத்துக்கு ஏறி வந்துவிடும்.
அத்தனையையும் ஒன்பது பேர் படிக்க முடியாது.
அதனால் முதலில் நாங்கள் படிக்கிறோம்,
இருபத்து மூன்று வயதுக் கண்களால்.

புதன்கிழமை, பதினேழாவது கோப்பு.
கோடு போட்ட நோட்டுத் தாள்,
ஓரத்தில் வாழைக்காய் பொரித்த எண்ணெய்.
எதெல்மிரா ரெந்தெரியா, அத்ராத்தோ ஆற்றங்கரை.
மகனுக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன.
செவ்வாய், வியாழன், சனி
கிப்தோவில் ரத்தம் கழுவ வேண்டும்.
"கழுவக் காசு கேட்கவில்லை, அதற்கு அட்டை இருக்கிறது.
கழுவும் இடத்துக்குப் போகத்தான் வழியில்லை.
ஆறு சும்மா ஓடுகிறது ஐயா,
படகு சும்மா ஓடுவதில்லை."

காப்பீட்டு நிறுவனம்: பயணம் சிகிச்சையில் சேராது.
உள்ளூர் நீதிபதி: ஏழை என்பதற்கு ஆதாரம் இணைக்கப்படவில்லை.
எண்ணெய்க் கறையை அவர் பார்க்கவில்லை போலும்.
அல்லது பார்த்து,
அதற்குப் பக்க எண் இல்லையே என்று விட்டிருக்கலாம்.

எனக்குத் தந்திருப்பது ஒரு கட்டம்,
அறுநூறு எழுத்துக்கு மேல் கொள்ளாது.
ஆற்றைப் பற்றிய வரியை வைத்தேன்.
மகனின் வயதை வெட்டினேன்.
வயதை மறுபடி வைத்து
நிறுவனத்தின் முழுப்பெயரை வெட்டினேன்.
பரிந்துரை என்ற இடத்தில் ஒரு குறி.

மாதக் கடைசியில் இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்தார்கள்.
ஆயிரமாயிரத்தில் ஒரு கைப்பிடி.
படகு கேட்டவர்களில் ஒருத்தியை எடுத்தார்கள்.
எதெல்மிராவை அல்ல.
குவாவியாரே காட்டோரத்துப் பெண், வேறோர் ஆறு.
அவள் கோப்பில் ரசீதுகள் இருந்தன,
தேதிவாரியாக, குண்டூசி குத்தி.
நியாயந்தான்.
ஒன்றைத் தீர்த்தால் மற்றவைக்கு அது அளவுகோல்;
அளவுகோலை நேரான மரத்தில்தானே செதுக்குவார்கள்.
அன்று மதியம் என்னால் சாப்பிட முடிந்தது.
அதுதான் உறுத்தியது.

எதெல்மிராவின் தாள் வந்த வழியே இறங்கியது
'தேர்வாகவில்லை' என்ற ஒற்றைச் சொல்லோடு.

எட்டு மாதம் கழித்துத் தீர்ப்பு, நாற்பத்தோரு பக்கம்.
சிகிச்சைக்குப் போகும் வழியும் சிகிச்சையே.
இல்லாதவரிடம் இல்லாமைக்குச் சான்று கேட்காதே;
இருக்கிறது என்றால் நிறுவனம் காட்டட்டும்.
மூவரில் ஒருவர் மாறுபட்டு நான்கு பக்கம் எழுதினார்:
இத்தனை படகுக்கும் பணம் எந்தப் பெட்டியிலிருந்து?
அவரும் பொய் சொல்லவில்லை.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு:
இதையொத்த மனுக்கள், இருநூற்றுப் பதினான்கு.
அந்த எண்ணின் மேல் விரல் வைத்து
எண்ணெய்ப் பிசுக்கைத் தேடினேன்.

சரி, இந்தத் தீர்ப்பு ஆற்றில் எப்படிப் போகும்?
இதற்கு யார் சத்தம் கொடுப்பார்கள்?
கிப்தோ வானொலியில் சொல்வார்களா,
காப்பீட்டு ஜன்னலில் ஒட்டுவார்களா,
இல்லை, அவள் இன்னொரு நோட்டுத் தாளைக் கிழித்து
தீர்ப்பின் எண்ணைத் தலைப்பில் எழுதி
முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
அவள் கைபேசி எண் எனக்கு மனப்பாடம்.
கூப்பிட எங்களுக்கு அனுமதியில்லை.

கையொப்பங்களுக்கு மேலிருந்த தேதியைப் பார்த்தேன்.
வியாழக்கிழமை.
அவனுக்குப் படகு நாள்.