பிழைதிருத்தம்

இரண்டாம் பதிப்புக்காக
ஒஸ்மரீனா குவாட்ரோஸின் நாவல் என் மேசைக்கு வந்திருக்கிறது.
சாவ் பாவ்லோ, பதினோராவது மாடி.
என் வேலை எழுத்துப்பிழை பார்ப்பது மட்டும்.
கதையில் தலையிட எனக்குச் சம்பளம் இல்லை.

சந்தாரெம் துறைமுகத்தில்
மூன்றாம் கவுண்டரில் பத்தொன்பது வருஷம்
படகுச் சீட்டு கிழித்தவள்.
மனாவுஸுக்கு ஆளுக்கு இவ்வளவு,
தொங்குபடுக்கை அவரவர் பொறுப்பு,
கோழிக்கூண்டுக்குத் தனிக் கட்டணம்.
பயணிகள் பட்டியலின் முதுகில்தான் நாவல்.
‘ஏன் இத்தனை குட்டி அத்தியாயங்கள்?’
விமர்சகர் ஒருவர் வியந்து கேட்டார்.
‘ஒரு படகு போய் அடுத்தது வருவதற்குள்
அவ்வளவுதான் முடியும்.’

இருநூறு பிரதி, சொந்தச் செலவு.
சீட்டோடு சேர்த்து விற்றாள்:
பிடிக்காவிட்டால் திரும்பி வரும்போது பணம் வாபஸ்.
இரண்டு திரும்பி வந்தன.
ஒன்று நனைந்து.
மற்றொன்றைக் கொண்டுவந்தவர் பணம் கேட்கவில்லை,
அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டார்.

விருது வாங்க இங்கே வந்தபோது ஜூலைக் குளிர்.
என் கோட்டைத்தான் போட்டுக்கொண்டாள்,
கை நீளம்.
‘அமேசானின் குரல்’ என்றது பத்திரிகை.
‘ஆற்றுக்கு வாய் இருந்தால்
என்னைப்போல் சின்னதாகவா இருக்கும்?
நான் மூன்றாம் கவுண்டரின் குரல்’ என்றாள்.
கோட்டுப் பையில் ஒரு சீட்டை மறந்துவிட்டுப் போனாள்.
இன்னும் வைத்திருக்கிறேன்.

எட்டாம் அத்தியாயத்தில் ஒரு படகு மூழ்கும்.
பதினொரு பேர்.
நீர் இறைக்கும் பம்பு பழுது.
அந்தப் படகின் மெக்கானிக் ஜெனிவால்டோ,
அவளுடைய தம்பி, கதையிலும் வெளியிலும்.
புத்தகம் வந்த நாளிலிருந்து
ஆறு வருஷம் அவன் அவளோடு பேசவில்லை.
குடும்பத்தைச் சந்தியில் நிறுத்திவிட்டாளே என்று
ஊர் அவன் பக்கம்.
அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

இப்போது தபாலில் அவனுடைய பிரதி.
டீசல் மணக்கிறது. ஓரங்களில் கட்டைவிரல் கறுப்பு.
பக்கம் நாற்பதில் பென்சில்:
‘அந்த வருஷம் டீசல் இந்த விலை இல்லை.’
(சரிதான். எனக்குத் தப்பியது.)
பக்கம் நூற்றுப் பன்னிரண்டில்:
‘பம்பு நன்றாகத்தான் இருந்தது.
நான் தூங்கிவிட்டேன்.
உனக்குத் தெரியும்.
எதற்கு எனக்காகப் பொய் எழுதினாய்?’

அவளுடைய துண்டுச்சீட்டு அதனுள்:
நாற்பதைத் திருத்தவும்.
மற்றதைப் பற்றி ஒன்றும் இல்லை.

தொலைபேசியில் கூப்பிட்டேன்.
தகரக் கூரையில் மழை, வெகுநேரம் மழை மட்டும்.
பிறகு,
‘அவன் எழுதியிருக்கிறபடியே போடுங்கள்.’

‘பழுது’ என்பதை அடித்தேன்.
‘தூக்கம்’ என்று எழுதினேன்.
ஓர் எழுத்து அதிகம்.
வரி நீண்டது, ஒரு சொல் கீழே இறங்கியது,
அது இன்னொன்றைத் தள்ள,
அது அடுத்த பக்கத்தை;
கடைசிப் பக்கம்வரை எல்லாம்
கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தன,
நிரம்பிய படகில்
கடைசியாக ஒருவன் ஏறும்போது
முணுமுணுத்தபடி நகர்வார்களே,
அதுபோல.